டியூ டிலிஜென்ஸ்: முன்னாய்வா, விழிப்புக் கடமையா?

செ. எழுதியது:
அவையோர்க்கு வணக்கம். நிறுவனங்களின் சட்டப் பிரிவினருக்கான சுற்றுச்சூழல் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் வரும் 'டியூ டிலிஜென்ஸ்' (due diligence) என்பதற்குத் தமிழ்ச் சொல்தான் இடிக்கிறது. இதுவரை 'முன்னாய்வு' என்று போட்டிருந்தோம். நிலமோ ஆலையோ வாங்கும்போது அது பொருந்துகிறது: மண்ணில் பழைய இரசாயனக் கழிவு புதைந்திருக்கிறதா, கழிவுநீர் அனுமதி காலாவதியாகிவிட்டதா, வழக்கு நிலுவை உண்டா என்று கையெழுத்துக்கு முன் பார்ப்பது. ஆனால் வழங்கல் சங்கிலி (நிறுவனத்துக்குப் பொருள் தருவோரின் தொடர்) அத்தியாயத்தில் இதே சொல் ஆண்டுக்கணக்கில் ஓடும் வேலையைக் குறிக்கிறது. ஒஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கு ஆறு படிகள்: கொள்கையில் சேர்ப்பது, பாதிப்பைக் கண்டறிவது, தடுப்பது அல்லது குறைப்பது, பலன் தந்ததா என்று கண்காணிப்பது, வெளியே தெரிவிப்பது, பாதிக்கப்பட்டோருக்குத் தீர்வு தருவது. இதில் 'முன்' எங்கே இருக்கிறது?

அ. எழுதியது:
செ. அம்மா, இதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்: பொச்சாவாமை, அதாவது மறந்து சோராமை. 'முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை பின்னூறு இரங்கி விடும்' (535): முன்கூட்டியே காக்கத் தவறியவன் பின்னால் துன்பம் வரும்போது தன் பிழைக்கு வருந்துவான். கேட்கும் பொருள் அப்படியே இருக்கிறது. 537இல் 'பொச்சாவாக் கருவி' என்று அதைக் கருவியாகவே சொல்கிறார். பொச்சாப்பு அறியாமை அன்று. அறிந்ததை மகிழ்ச்சியில் மறந்து சோர்வது. பொத்து, பொத்தல் என்பவற்றோடு இதற்கு வேருறவு உண்டு என்பது என் துணிபு. காவலில் விழும் ஓட்டையே பொச்சாப்பு. 'பொச்சாவாய்வு' என்று வைப்போம்.

ந. எழுதியது:
> பொத்து, பொத்தல் என்பவற்றோடு வேருறவு

ஐயா, பேச்சில் த்த என்பது ச்ச ஆவது இ, ஐ, ய் ஆகியவற்றை அடுத்து (அடிச்ச, வச்ச, காய்ச்ச). ஒகரத்துக்குப் பின் அப்படித் திரிவதில்லை; பொத்தல் பொத்தலாகவே நிற்கிறது. அது கிடக்கட்டும். ஒப்பந்தத்தில் 'பொச்சாவாய்வு' என்றிருந்தால் வழங்குநர் (பொருள் தருபவர்) அகராதியைத் தேடமாட்டார், கையெழுத்துப் போட்டுவிடுவார். புரியாமல் இட்ட கையெழுத்து கழிவுநீரைச் சுத்தம் செய்யாது.

அதைவிடப் பெரிய சிக்கல் கையேட்டின் மாதிரி ஒப்பந்தக் கூற்றில் இருக்கிறது: 'ஆற்றில் மாசு கலக்காது என வழங்குநர் உறுதி செய்வார்.' இது உத்தரவாதம். டியூ டிலிஜென்ஸ் முயற்சிக் கடமை (தக்க முயற்சி எடுப்பது), விளைவுக் கடமை (முடிவுக்கே பொறுப்பேற்பது) அன்று. டியூ டிலிஜென்ஸ் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் முன்னுரையிலேயே இதைச் சொல்கிறது. உத்தரவாதமாக எழுதினால் ஒரு குழாய்க் கசிவே ஒப்பந்த மீறல். அடுத்த கசிவை வழங்குநர் மறைப்பார். சட்டப் பிரிவு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விடும். ஆறு அப்படியே கிடக்கும். இப்படி மாற்றலாம்:

'மாசு கலக்கக்கூடிய இடங்களை வழங்குநர் தொடர்ந்து கண்டறிந்து தடுப்பார். தடுக்க இயலாதவற்றைக் குறைப்பார். வெளியேற்றும் நீரின் ஆய்வறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருவார். அளவு வரம்பு மீறினால் 30 நாளில் திருத்தத் திட்டம் தருவார். திட்டத்தை நிறைவேற்றத் தவறினால் மட்டுமே ஒப்பந்தம் முடிவுக்கு வரும்.'

திருத்தச் செலவில் வாங்குபவரின் பங்கையும் ஒரு வரியில் எழுத வேண்டும். அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு சுத்திகரிப்பு மட்டும் கேட்டால் நடக்காது. சொல்லுக்கு என் பரிந்துரை 'விழிப்புக் கடமை'. பிரெஞ்சுக்காரர்கள் 2017இல் இயற்றிய சட்டத்துக்கும் அதே பொருளில்தான் பெயர் வைத்தார்கள்.

இ. எழுதியது:
'விழிப்பு' என்றதும் விழிப்புணர்வுப் பேரணிதான் நினைவுக்கு வருகிறது. தவிர, கடமை வேறு, அதை நிறைவேற்றும் வேலை வேறு. 'விழிப்புக் கடமை அறிக்கை' என்று எழுதினால் எது கிடைக்கும்? 'தொடராய்வு' என்று எளிமையாக வைக்கலாமே.

இன்னொன்று. கையேட்டில் 'நிறுவன வழக்கறிஞர்' என்று வருகிறது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதி 49இன்படி, முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. 'சட்ட அலுவலர்' என்பதே சரி. ஐரோப்பாவிலும் இந்த வேறுபாடு கனமானது: நிறுவனத்துக்குள் இருக்கும் சட்டத்தரணியின் கடிதங்களுக்குப் போட்டிச் சட்ட விசாரணையில் இரகசியக் காப்பு இல்லை என்று அக்சோ நோபல் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் வழக்கில் 2010இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் தீர்ப்பானது.

ந. எழுதியது:
சட்ட அலுவலர், சரி. 'தொடராய்வு' ஆய்வோடு நின்றுவிடுகிறது. ஆறு படிகளில் கண்டறிதல் ஒன்றுதான் ஆய்வு. தடுப்பதும் தீர்வு தருவதும் அதற்குள் அடங்கா. அறிக்கை என்று வரும் இடத்தில் 'விழிப்பு நடவடிக்கை அறிக்கை' என்று எழுதிவிடலாம்.

செ. எழுதியது:
நாளை அச்சு. வாங்கல் அத்தியாயங்களில் 'முன்னாய்வு', வழங்கல் சங்கிலியில் 'விழிப்புக் கடமை', செயலைக் குறிக்கும் இடங்களில் 'விழிப்பு நடவடிக்கை'. மாதிரிக் கூற்று ந. ஐயா எழுதியபடி, செலவுப் பங்கு வரியுடன். முதல் பக்கத்தில் மட்டும் 'டியூ டிலிஜென்ஸ்' என்பதும் உடன் வரும்.

அ. எழுதியது:
ஒரே கருத்தை மூன்றாக உடைத்துவிட்டீர்கள் அம்மா. வேர்ச்சொல்லில் ந. சொன்னதை ஏற்கிறேன், பொருளில் ஏற்கவில்லை. சொல்லடைவிலாவது பொச்சாவாமைக்கு ஒரு வரி கொடுங்கள்.