சிக்ஸ் ரெட் லாட்டரியா? ஐந்தாவது மிஸ் பஞ்சாயத்து

பச்சைத்துணி:
சிக்ஸ் ரெட்னா பதினைந்துக்குப் பதிலா ஆறே சிவப்புப் பந்து வெச்சு ஆடுற ஸ்னூக்கர். ஆடவேண்டிய பந்துல ஒயிட் (அடிக்கிற வெள்ளைப் பந்து) படாம, ரெஃப்ரி மிஸ்னு கூப்பிட்டா எதிராளிக்குப் புள்ளி போகும், தவறவிட்டவனைத் திரும்ப ஆடவும் வைக்கலாம். பக்கத்து இழையில கரும்பந்து எழுதியிருக்கார்: "பேங்காக் சிக்ஸ் ரெட் உலக சாம்பியன்ஷிப் சுத்த லாட்டரி. ஐந்தாவது மிஸ்ஸுக்கு ஒயிட்டைத் தூக்கிக் கையில கொடுக்கிற ஆட்டத்துல திறமைக்கு என்ன வேலை?" படிச்சதும் எரிச்சல் வந்துச்சு. பட்டம் எடுத்தவங்களைப் பாருங்க: மார்க் டேவிஸ் 2012, 2013. ஸ்டீபன் மகுவைர் 2014, 2019. டிங் ஜுன்ஹுய் 2016, 2023. மூணு பேருக்கு ரெண்டு ரெண்டு தடவை விழுற லாட்டரிச் சீட்டு எந்தக் கடையில கிடைக்குதுன்னு சொல்லுங்க, நானும் போய் வாங்குறேன்.

கரும்பந்து:
பெயர்ப் பட்டியலை விடுங்க. ஐந்தாவது மிஸ்ஸுக்குப் பதில் சொல்லுங்க. ஆறு சிவப்பும் மேசையில, ஸ்கோர் 0-0. ஒருத்தன் ஸ்னூக்கர்ல மாட்டுறான், அதாவது ஆடவேண்டிய பந்துக்கு நேர்வழியை வேற பந்து மறைக்குது. ஐந்து மிஸ், தலா 4, ஆக 20 புள்ளி எதிராளிக்கு. அதோட ஒயிட்டை மேசையில எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம். சிவப்பு (1), கருப்பு (7)ன்னு மூணு ஜோடி போட்டா 44. நாலாவது சிவப்பும் விழுந்தா 45. அந்த நிலையில மேசையில மிச்சம் ரெண்டு சிவப்பு, அதிகபட்சம் 43. ஃபிரேம் (ஒரு ஆட்டம்) முடிஞ்சது. ஏழே பந்து! இதுக்குப் பேர் உலக சாம்பியன்ஷிப்பா?

நாற்காலி நடுவர்:
ஐந்து இல்லை, மூணு. மூணாவது மிஸ்ஸுக்கு ஃபிரேமே போயிடும். விதி தெரியாம ரெண்டு பேரும் பேசாதீங்க.

பச்சைத்துணி:
நடுவர் சார், நீங்க சொல்றது வேற சங்கதி. ஆடவேண்டிய பந்து முழுசாத் தெரியும்போது தொடர்ந்து மூணு தடவை தவறவிட்டா ஃபிரேம் பறிபோகும், ரெண்டாவதுலயே எச்சரிக்கை வரும். அது பதினைந்து சிவப்பு ஆட்டத்துல இருக்கிற விதி. இங்க பேசுறது ஸ்னூக்கர்ல மாட்டினவனோட கதை. பதினைந்து சிவப்புல அவனை எத்தனை தடவை வேணும்னாலும் திரும்ப ஆட வைக்கலாம். சிக்ஸ் ரெட்ல நாலாவதுக்கு ரெஃப்ரி எச்சரிப்பார், ஐந்தாவதுக்கு ஒயிட் எதிராளி கைக்குப் போகும். நடுவுல ஒரு தடவை பந்துல பட்டுட்டா எண்ணிக்கை மறுபடி முதல்ல இருந்து.

கரும்பந்துக்கு: நீங்க போட்ட கணக்கு சரி. ஆனா மாட்டினவன் என்ன செய்வான்னு யோசிக்கவே இல்லை. முதல் ரெண்டு தடவை ரெண்டு குஷன் (மேசையோட ரப்பர் விளிம்பு) சுத்தி, சிவப்பை மெல்லத் தொட்டு, ஒயிட் ஒட்டி நிக்கிற மாதிரி ஆடுவான். எச்சரிக்கை வந்ததும் அந்த வழியை விட்டுட்டு, ஒரு குஷன்ல கொஞ்சம் வேகமா சிவப்புக் கூட்டத்துக்குள்ள விடணும். சிவப்பு சிதறும், எதிராளிக்கு ஒரு பந்தைப் பாக்கெட்ல போட வாய்ப்பு கிடைக்கும். ஆனா கண்டிப்பாப் படும். 16 கொடுத்தபிறகும் அதே மெல்லிய அடியைப் பிடிச்சுத் தொங்கினா, தப்பு விதியிலயா, ஆட்டக்காரன்கிட்டயா?

கரும்பந்து:
அதாவது எச்சரிக்கைக்குப் பயந்து சேஃப்டியை, எதிராளிக்கு வாய்ப்பு விடாத தற்காப்பு ஆட்டத்தை, கைவிடணும். நான் சொன்னதையே நீங்களும் சொல்றீங்க, நன்றி. ஐந்தாவது மிஸ் சேஃப்டியைக் கொல்லுது.

பச்சைத்துணி:
எங்க கொல்லுது? ஸ்னூக்கர் வெச்சவனோட சேஃப்டிக்குத்தானே கூலி கிடைக்குது! பதினைந்து சிவப்புல 20 புள்ளிங்கிறது அதிகபட்சமான 147ல ஒரு துண்டு. இங்க 75ல 20, கால் பங்குக்கு மேல. நல்ல ஸ்னூக்கர் வைக்கிறவனுக்கு இதைவிட மதிப்பு எங்க கிடைக்கும்?

இன்னொன்னு. ஃப்ரீ பால் (ஃபவுலுக்குப் பிறகு கிடைக்கிற கூடுதல் பந்து) இல்லாம, முதல் தடவை மேசைக்கு வந்ததுமே ஒருத்தன் சிவப்பு, கருப்புன்னு நாலு ஜோடி போட்டு, ஐந்தாவது சிவப்போட பச்சையும் (3) போட்டா 36. மேசையில மிச்சம் 35. எதிராளிக்கு ஸ்னூக்கர் தேவைன்னு, அதாவது மிச்சப் பந்துகளை மட்டும் போட்டு எட்ட முடியாதுன்னு, ஆனதும் ரெஃப்ரி மிஸ் கூப்பிடவே மாட்டார். உங்க ஐந்தாவது மிஸ்ஸுக்கு அங்க வேலையே இல்லை.

வடபழனி கியூ:
பிரேக் ஆஃப் (ஃபிரேமைத் தொடங்குற முதல் அடி) பத்தி யாரும் பேசலையே. சிவப்பு மூணு வரிசைதான், 1-2-3. பந்து 52.5 மி.மீ., ஐந்து வரிசை முக்கோணத்தைவிட ஆழம் ஏறக்குறைய 9 செ.மீ. குறையும். பின்வரிசையில மூணே பந்துங்கிறதால ஓரச் சிவப்பு நடுவை ஒட்டியே இருக்கும். பழகின கோணத்துல விட்டா ஒயிட் சிவப்பைத் தொடாமலே போய் 4 போயிடும். பயந்து தடிமனா அடிச்சா கூட்டம் உடைஞ்சு ஒரு சிவப்பு மேல் பாக்கெட் பக்கம் திறந்து நிக்கும். லாட்டரின்னு யாராவது சொல்லணும்னா இதைச் சொல்லலாம், மிஸ்ஸை இல்லை.

கரும்பந்து:
அண்ணே, தலைப்பு ஐந்தாவது மிஸ்.

நாற்காலி நடுவர்:
மூணு.

கோட்டைமேடு:
நம்ம பங்கஜ் அத்வானி பேங்காக்ல ஜெயிச்சப்ப யாரும் லாட்டரின்னு சொல்லலையே?

பச்சைத்துணி:
தம்பி, அத்வானி ஜெயிச்சது ஐ.பி.எஸ்.எஃப். (அமெச்சூர் ஆட்டத்தோட சர்வதேச சம்மேளனம்) சிக்ஸ் ரெட் பட்டம். 2014ல எகிப்தோட ஷார்ம் எல் ஷேக்ல, 2015ல கராச்சியில. 2015 ஃபைனல்ல யான் பிங்டாவோவை 6-2ன்னு அடிச்சார். பேங்காக் போட்டி தொழில்முறை ஆட்டக்காரர்களோடது. ரெண்டையும் குழப்பாதீங்க.

கோட்டைமேடு:
ஜெயிச்சாரா இல்லையா? ஸ்னூக்கருக்கு விதி எழுதின ஊரு ஊட்டி. 1882ல ஊட்டி கிளப்ல. நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வடபழனி கியூ:
ஆட்டம் பிறந்தது ஜபல்பூர்ல, 1875ல. எழுதினவனும் நெவில் சேம்பர்லெய்ன்னு ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. நம்ம தாத்தா இல்லை.

கோட்டைமேடு:
பிறந்த இடம் வேற, விதி எழுதின இடம் வேற. இங்க பேச்சு விதியைப் பத்திதானே?

கரும்பந்து:
ஊட்டி விதியில ஐந்தாவது மிஸ் இருந்துச்சா? இல்லைல்ல. பதினைந்து சிவப்பு உலக சாம்பியன்ஷிப் நடக்குற ஷெஃபீல்ட் க்ரூசிபிள் அரங்குல முதல் சுற்றுக்கே 10 ஃபிரேம் ஜெயிக்கணும், ஃபைனலுக்கு 18. பேங்காக்ல குரூப் ஆட்டத்துக்கு 5, ஃபைனலுக்கு 8தான் இருந்துச்சு. உலகத் தரவரிசைக்கான ரேங்கிங் புள்ளியும் கிடைக்கலை. 2009ல ஜிம்மி ஒயிட் பட்டம் எடுத்ததே போதும், எப்பேர்ப்பட்ட போட்டின்னு தெரிஞ்சுக்க.

பச்சைத்துணி:
ஜிம்மி ஒயிட்டைத் தொட்டீங்கன்னா சும்மா இருக்க மாட்டேன். ஃபைனல்ல பேரி ஹாக்கின்ஸை 8-6ன்னு அடிச்சு எடுத்த பட்டம் அது. க்ரூசிபிள்ல ஆறு ஃபைனல் ஆடின மனுஷன் அவர். போன வருஷம் ஷூட் அவுட் (பத்து நிமிஷ ஒரே ஃபிரேம் போட்டி) இழையிலயும் இதே மாதிரிதான் யாரையாவது மட்டம் தட்டிட்டு ஓடினீங்க. அங்க எந்த ஃபவுலுக்கும் ஒயிட் கையில வரும், முதல் ஐந்து நிமிஷம் ஒரு அடிக்கு 15 வினாடி, அடுத்த ஐந்துக்கு 10 வினாடி, ஒவ்வொரு அடியிலயும் ஒரு பந்து குஷன்ல படணும், இல்லைன்னா பாக்கெட்ல விழணும். அதுக்கு 2017ல இருந்து ரேங்கிங் அந்தஸ்தே இருக்கு. அதைக் கைதட்டி ரசிச்சது நீங்கதான். ஒரே ஒரு ஃபவுலுக்குக் கொடுத்தா ரேங்கிங் போட்டி, ஐந்து மிஸ் ஆனபிறகு கொடுத்தா லாட்டரியா?

கரும்பந்து:
ஷூட் அவுட்டை யாரும் உலக சாம்பியன்ஷிப்னு கூப்பிடலை.

பச்சைத்துணி:
2015 ஃபைனல் பாருங்க. தெப்சையா உன்-நூ சொந்த ஊர்ல லியாங் வென்போவை 8-2. 2016ல டிங், ஸ்டூவர்ட் பிங்ஹாமை 8-7. இதுல எந்த ஃபிரேமை ஐந்தாவது மிஸ் முடிவு பண்ணுச்சு? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க.

கரும்பந்து:
விதி தப்புன்னு சொல்றதுக்கு ஃபிரேம் காட்டணுமா? 20 புள்ளியும் கொடுத்து ஒயிட்டையும் கொடுக்கிறது ரெட்டைத் தண்டனை. அதைப் பத்தி இன்னும் ஒரு வரி நீங்க எழுதலை.

பச்சைத்துணி:
மேல ரெண்டு பத்தி எழுதியிருக்கேன். படிக்கிற பொறுமை இருந்தா படிங்க.

நாற்காலி நடுவர்:
மூணாவது மிஸ்ஸுக்கு ஃபிரேம் போகும்னு நான் சொன்னதை யாராவது மறுக்க முடிஞ்சதா?

பச்சைத்துணி:
பந்து முழுசாத் தெரிஞ்சா மட்டும்! தெரிஞ்சா மட்டும்!