பெரியம்மாவின் 'பூச்சி' விஷயம்: புதுப்பிப்பு

இரண்டு மாதம் முன்னால் எழுதியிருந்தேனே, தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று பெரியம்மா நாள் முழுக்க பினாயில் போட்டு வீட்டைக் கழுவுகிறார், மூன்று தோல் டாக்டர்களும் களிம்பு எழுதித் தந்து அனுப்பிவிட்டார்கள் என்று, அதன் தொடர்ச்சி இது.

நான்காவது டாக்டர், பெரியம்மா தீப்பெட்டியில் பத்திரமாகக் கொண்டுபோன 'பூச்சிகளை' வாங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நூல் பிசிறு, பொருக்கு, இரண்டு முடி. ஆனால் வாதாடவில்லை. "அரிப்பு நிஜம்தாம்மா, தூக்கம் போனதும் நிஜம்தான்" என்றார், பெரியம்மா அப்படியே அழுதுவிட்டார். இப்படி டப்பாவோடு வருவதே, உடம்பில் பூச்சி இருப்பதாக மனம் உறுதியாக நம்பிவிடும் இந்த நோயின் பழைய அடையாளமாம். ஸ்வீடன் டாக்டர் எக்பாம் 1938-லேயே இதை விவரித்திருக்கிறார்.

உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. அப்புறம்தான் மனநல மருத்துவர். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) இல்லை, இந்த ஒரு நம்பிக்கை மட்டும்தான் பிறழ்ந்திருக்கிறது என்றார். அது உண்மைதான், சீட்டுக் கணக்கில் இன்றும் ஒரு ரூபாய் பிசகாது அவருக்கு. இப்படிப்பட்ட பிறழ்ந்த நம்பிக்கையைத் தணிக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை, குறைந்த அளவில், இரவில் மட்டும்.

ஆறு வாரம் ஆகிறது. பூச்சியே இல்லை என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, "குறைஞ்சிடுச்சு" என்கிறார். எடைதான் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையாலா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க வேண்டும். பினாயில் பாட்டிலை போன வாரம் முழுக்கத் தொடவில்லை.