கான்வியின் கோடை ஓவியக் கண்காட்சி: போய்ப் பார்க்கத் தக்கதா, எப்படிப் பார்ப்பது?

கேள்வி | லிவர்பூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். வட வேல்ஸில் உள்ள கான்வி என்ற கோட்டை ஊரில், ராயல் கேம்பிரியன் அகாடமி ஆண்டுதோறும் கோடையில் தன் உறுப்பினர்களின் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கிறது. இந்த முறை குடும்பத்துடன் போகலாம் என்று எண்ணியிருக்கிறேன். மகள் பள்ளியில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறாள். நானும் ஓய்வு நேரங்களில் நீர்வண்ணம் தீட்டுபவன்.

லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியை நாங்கள் பார்த்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் படைப்பை அனுப்பலாம் என்பதால் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் குவிந்திருக்கின்றன. கண் எங்கே நிற்பது என்று தெரியாமலேயே நேரம் போய்விடுகிறது. கான்வியில் உறுப்பினர்களின் படைப்புகள் மட்டுமே என்பதால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இணையத்தில் தேடியபோது கிடைத்தவற்றில் பெரும்பகுதி இருண்ட மலைகளாகவே இருந்தன. சாம்பல் வானம், கறுத்த பாறை, ஒரு வெள்ளை வீடு. இப்படி வரிசையாகப் பார்த்தால் மகளுக்குச் சலிப்புத் தட்டிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது.

ஓர் அகாடமி இவ்வளவு சிறிய ஊரில் அமைந்தது எப்படி, இந்த மலைகள் ஏன் இப்படித் தீட்டப்படுகின்றன, அங்கே நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் | ஏட்டுச்சுவடி

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். அந்த அகாடமி கான்வியில் அமைந்ததற்கு மலையும் ரயிலும் காரணம்.

பர்மிங்ஹாமில் பிறந்த டேவிட் காக்ஸ் என்ற நீர்வண்ண ஓவியர், 1844 முதல் 1856 வரை ஒவ்வோர் ஆண்டும் கான்வி பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் இருக்கும் பெட்டுஸ்-அ-கோய்ட் கிராமத்துக்கு வந்து தங்கி வரைந்தார். அவரைப் பின்தொடர்ந்து மற்ற ஓவியர்களும் வரத் தொடங்கினார்கள். பிரிட்டனில் உருவான முதல் ஓவியர் குடியிருப்புகளுள் ஒன்றாக அந்தக் கிராமம் மாறியது. 1848இல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய குழாய்ப் பாலத்தின் வழியே ரயில் கான்வி ஆற்றைக் கடந்தது. 1868இல் கிளைப் பாதை பெட்டுஸ்-அ-கோய்ட் வரை நீண்டது. மான்செஸ்டரின் பஞ்சாலைப் பணக்காரர்கள் ஓவியம் வாங்குவதில் ஆர்வம் காட்டிய காலம் அது. மான்செஸ்டர் ஓவியர்கள் சிலர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே குடியேறி, மலையைத் தீட்டி, நகரத்தில் விற்றார்கள்.

அவர்களுள் முதன்மையானவர் மான்செஸ்டரில் பிறந்த கிளாரன்ஸ் வெயிட். அவரும் ஆண்டர்சன் ஹேக் போன்றவர்களும் சேர்ந்து 1881இல் அகாடமியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே விக்டோரியா அரசி 'ராயல்' என்ற அடைமொழிக்கு இசைவளித்தார். தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் கான்வியின் பிளாஸ் மார் என்ற மாளிகை அகாடமிக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. 1576க்கும் 1585க்கும் இடையில் ராபர்ட் வின் என்ற செல்வந்தர் கட்டிய வீடு அது. நூறாண்டுக்கும் மேலாக, எலிசபெத் காலத்துச் சுண்ணச் சிற்ப வேலைப்பாடுகள் நிறைந்த அந்த அறைகளில்தான் உறுப்பினர்களின் ஓவியங்கள் தொங்கின. 1990களின் முற்பகுதியில், மாளிகைக்குப் பின்னால் உள்ள கிரௌன் லேன் என்ற சந்தில், ஓவியத்துக்கென்றே அமைந்த கூடத்துக்கு அகாடமி இடம் மாறியது. நீங்கள் போகப்போவது அந்தப் புதிய கூடத்துக்கு. பிளாஸ் மாரை வேல்ஸின் தொல்சின்னத் துறையான 'காடூ' (Cadw) பராமரிக்கிறது. கட்டணம் செலுத்தி உள்ளே பார்க்கலாம். நேரம் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அடர்ந்த சுண்ண வேலைப்பாடுகளுக்கு நடுவே ஓவியம் மாட்டுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது அந்த அறைகளுக்குள் நின்றால் புரியும்.

நீங்கள் நீர்வண்ணம் தீட்டுபவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். காக்ஸ் பொதி கட்டப் பயன்படும் முரட்டுத் தாளில் வரைவதை விரும்பினார். அதன் மேற்பரப்பு நீரைத் தாறுமாறாக உறிஞ்சியதால், காற்றில் அலையும் புல்லும் நனைந்த மேகமும் இரண்டொரு தீற்றலிலேயே பிடிபட்டன. தாளிலேயே நார்த் துணுக்குகளும் கரும்புள்ளிகளும் கிடக்கும். அவை வானத்தில் வந்து விழுந்தால் சிறகு வரைந்து பறவையாக்கிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1847இல் பெட்டுஸ்-அ-கோய்ட்டின் ராயல் ஓக் விடுதிக்கு அவர் தீட்டிக் கொடுத்த பெயர்ப் பலகை இன்றும் அந்த விடுதிக்குள்ளேயே இருக்கிறது.

பதில் | சந்துமுனை

பயண விவரத்தை மட்டும் சொல்கிறேன். லிவர்பூலிலிருந்து செஸ்டர் வந்து, அங்கிருந்து கடலோர ரயிலில் ஏறினால் கான்வி நிலையம் ஊரின் பழைய மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. நிற்பவையும் கேட்டுக்கொண்டால்தான் நிற்கும் என்பதால் நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிலையத்திலிருந்து கூடத்துக்குச் சில நிமிட நடைதான்.

ஓவியத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுப்போனது என்று பொருள். பெயருக்குப் பின்னால் 'ஆர்.சி.ஏ.' என்று இருந்தால் அவர் இந்த அகாடமியின் உறுப்பினர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் நிறுவனத்துக்கும் அதே மூன்றெழுத்துகள்தான் என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாங்கும் எண்ணம் வந்தால், வேல்ஸ் கலை மன்றம் ஓவியம் வாங்குவோருக்கு வட்டியில்லாத் தவணைத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அந்தக் கூடத்தில் அது நடைமுறையில் உள்ளதா என்று மேசையில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பதில் | கத்தித்தடம்

இருண்ட மலைகள் சலிப்பூட்டும் என்ற தயக்கத்துக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இந்த மலைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பழகியவன் என்ற முறையில் இது என் மனதுக்கு நெருக்கமான விஷயம்.

அந்த இருளில் பாதி, ஓவியர் நிற்கும் இடத்திலிருந்து வருகிறது. ஆங்கிள்சி தீவில் நின்று மெனாய் நீரிணைக்கு அப்பால் பார்த்தால் ஸ்னோடன் மலைத்தொடர் முழுவதும் தெற்கிலும் தென்கிழக்கிலும் விரிந்து கிடக்கிறது. காலையிலிருந்து நண்பகல் வரை சூரியன் அந்த மலைகளுக்குப் பின்னால்தான் இருக்கும். நம்மை நோக்கியிருக்கும் சரிவு நிழலில் மூழ்கிக் கிடக்க, முகட்டின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஓடும். அங்கே வளர்ந்தவர்களுக்கு மலை என்பதே வெளிச்சத்துக்கு எதிராக நிற்கும் ஒரு கறுத்த உருவம். அந்தக் காட்சியைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டவர் கிஃபின் வில்லியம்ஸ். 1918இல் ஆங்கிள்சியின் லான்கெவ்னி ஊரில் பிறந்தவர். வலிப்பு நோயால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது, ஓவியம் பழகுமாறு மருத்துவர் சொன்ன ஆலோசனையே அவரை ஸ்லேட் ஓவியப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தது. லண்டனின் ஹைகேட் பள்ளியில் 1944 முதல் 1973 வரை ஓவிய ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு ஆங்கிள்சிக்கே திரும்பினார். இந்த அகாடமியின் தலைவராக 1969 முதல் 1976 வரையிலும், 1990களில் மீண்டும் பொறுப்பு வகித்தார். 2006இல் காலமானார். நீங்கள் இணையத்தில் பார்த்த சாம்பல் வானமும் கறுத்த பாறையும் வெள்ளை வீடும் பெரும்பாலும் அவருடையவையாகவோ அவர் வழியில் வந்தவையாகவோதான் இருக்க வேண்டும்.

அவருடைய ஓவியங்களைத் திரையில் பார்த்து எடை போடுவது அவருக்குச் செய்யும் அநீதி. அவர் தூரிகையைவிடக் கத்தியையே பெரிதும் நம்பியவர். கொத்தனார் கரணையால் சாந்தை இழுத்துவிடுவது போல வண்ணத்தைத் தடிமனாக இழுத்துவிடுவார். பாறையின் சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமே கத்தியும் இறங்கியிருக்கும். நேரே நின்று பார்த்தால் ஒரே கறுப்பாகத் தெரியும் பரப்பை, பக்கவாட்டில் நகர்ந்து, விளக்கொளி சாய்ந்து விழும் கோணத்திலிருந்து பாருங்கள். கத்தியின் விளிம்பு விட்டுச் சென்ற வரப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிழல் வீசும். கறுப்பு என்று நினைத்ததில் பச்சையும் காவியும் ஊதாவும் கலந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். தடிமனாக வண்ணம் பூசப்பட்ட எந்த ஓவியத்தின் முன்னாலும் உங்கள் மகளை இப்படி நகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். புகைப்படம் எதைத் தவறவிடுகிறது என்று அவளே கண்டுகொள்வாள்.

ஆனால் வேல்ஸ் மலைகளெல்லாம் கறுப்பு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1911, 1912 ஆண்டுகளில் ஜே. டி. இன்னஸ் என்ற இளம் ஓவியரும் அகஸ்டஸ் ஜானும் ஆரெனிக் மலையடிவாரத்தில் தங்கி, சிறிய மரப் பலகைகளில் அந்த மலையை வேகவேகமாகத் தீட்டினார்கள். அவர்களுடைய மலை அடர்நீலமாகவும் ஊதாவாகவும் மின்னும். வானம் மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இன்னஸ் காசநோயால் 1914இல் இருபத்தேழு வயதில் இறந்துவிட்டார். ஜான் 1930களில் இந்த அகாடமிக்கே தலைவரானார். ஒரே அகாடமியின் தலைமைப் பொறுப்பில் கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி விட்டு இருந்த இருவர், அருகருகே கிடக்கும் மலைகளை இவ்வளவு வேறுபட்ட கண்களால் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் பிரெண்டர்காஸ்ட்டை எடுத்துக்கொண்டால், அவர் பெத்தெஸ்டாவின் பென்ரின் கற்பலகைச் சுரங்கத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மலை என்பது அங்கே மனிதன் வெட்டி எடுத்த படிக்கட்டுகளாக, கனமான கருங்கோடுகளாக நிற்கிறது. சுரங்கத் தொழிலாளியின் மகன் வரைந்தது என்பது அந்தக் கோடுகளின் அழுத்தத்திலேயே தெரிவதாக நான் எப்போதும் உணர்வதுண்டு.

ஆகவே கோடைக் கண்காட்சியில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். முதல் சுற்றில் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டாம் சுற்றில், ஒரே மலையையோ ஒரே கடற்கரையையோ தீட்டிய இருவரைத் தேடிப் பிடித்து, அந்த இரண்டு ஓவியங்களுக்கு நடுவே மட்டும் போய்வந்துகொண்டிருங்கள். 917 மீட்டர் உயரமுள்ள ட்ரவன் மலை ஆக்வென் ஏரிக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்பது. வட வேல்ஸ் ஓவியர்களில் அதை வரையாதவர் அரிது. ஒருவர் அதை விளிம்புக்கோட்டால் கட்டியிருப்பார், இன்னொருவர் ஈரத்தில் கரையவிட்டிருப்பார். மலை தெரிந்த பொருள் என்பதால்தான் கையின் வேறுபாடு துலங்குகிறது. பல ஊர்களிலிருந்தும் பல பொருள்களில் படைப்புகள் வந்து குவியும் பெரிய கண்காட்சியில் இந்த ஒப்பீடு எளிதில் வாய்ப்பதில்லை.

மலை வேண்டாம் என்று மகள் சொன்னால் அதுவும் சரிதான். ஷானி ரிஸ் ஜேம்ஸ் போன்ற உறுப்பினர்களுக்கு மனித முகமே களம். முறைத்துப் பார்க்கும் பெரிய கண்களும், அள்ளிப் பூசிய சிவப்பும் கொண்ட அவருடைய ஓவியங்களின் முன் எந்தப் பதின்வயதுப் பிள்ளையும் சலிப்படைய முடியாது. ஆண்டுக்கு ஆண்டு யார் என்ன வைக்கிறார்கள் என்பது மாறும்; ஆனால் சுவர்களில் மலை மட்டுமே இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

லிவர்பூல்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே மலையை வரைந்த இருவரைத் தேடுவது என்ற யோசனையை மகளிடம் சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. உறுப்பினர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அது தமக்குள் மூடிக்கொண்ட வட்டமாக ஆகிவிடாதா? அதிலும் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள் என்கிறபோது, வேல்ஸ் மக்களின் ஓவியம் என்று அதை எந்த அளவுக்குச் சொல்லலாம்?

பதில் | ஏட்டுச்சுவடி

இரண்டுமே நியாயமான கேள்விகள்; வேல்ஸிலேயே நெடுங்காலமாகக் கேட்கப்படுபவை.

அகாடமி தொடங்கியபோது அது பெரிதும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் அமைப்பாகவே இருந்தது என்பதை மறுக்க முடியாது. அவர்கள் மலையை வரைந்தார்கள். மலையடியில் கற்பலகை வெட்டியவர்களும் வேல்ஸ் மொழியில் பேசியவர்களும் பல ஓவியங்களில் ஒரு மூலையில் சிறு உருவங்களாகவே இடம்பெற்றார்கள். வேல்ஸுக்குப் பாட்டும் பேச்சும் உண்டு, காட்சிக் கலை கிடையாது என்று அறிஞர்களே சொல்லிவந்த காலமும் இருந்தது. அந்தக் கருத்து தவறு என்று நிறுவுவதற்காக வரலாற்றாசிரியர் பீட்டர் லார்ட் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். ஊர் ஊராகச் சென்ற உருவப்பட ஓவியர்களையும் பெயர்ப் பலகை தீட்டியவர்களையும் அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கான்விக்குப் போனால், ஓவியத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்கவும் தோன்றும். ஆங்கிள்சியில் பிறந்த கிஃபின் வில்லியம்ஸ் தலைமைக்கு வந்ததும், அவர் மலைகளோடு சேர்த்து அங்கே வாழும் விவசாயிகளையும் இடையர்களையும் பெரிய உருவங்களாகத் தீட்டியதும் அதனால்தான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. 1968இல் அவர் தென் அமெரிக்காவின் படகோனியா வரை போய், அங்கே குடியேறிய வேல்ஸ் மக்களையும் அவர்களுடைய நிலத்தையும் வரைந்து வந்தார்.

மூடிய வட்டம் என்பதைப் பற்றி: இருக்கும் உறுப்பினர்கள் புதியவர்களின் படைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே விதமான சுவை திரும்பத் திரும்ப உள்ளே வருகிற ஆபத்து நிச்சயம் உண்டு. இந்தக் குறையை நான் மழுப்ப மாட்டேன். உறுப்பினர் அல்லாதவர்களும் படைப்பு அனுப்பக்கூடிய திறந்த கண்காட்சி ஒன்றையும் அகாடமி நடத்துவது அதை ஓரளவு ஈடுகட்டுகிறது. மறுபுறம், உறுப்பினர் முறையால் மட்டுமே கிடைக்கிற ஒன்றும் இருக்கிறது. ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு பல ஆண்டுகள் அதே சுவரில் தன் படைப்பை வைக்க முடிகிறது. ஒரு கை முதிர்வதையும், ஒருவர் தனக்குப் பழகிய மலையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடிப் போவதையும் பார்வையாளர் தொடர்ந்து காணலாம். இதை ஒரே வருகையில் பார்த்துவிட முடியாது. மேசையில் பழைய ஆண்டுகளின் விவரப் பட்டியல்கள் ஏதேனும் இருந்தால் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த ஓவியர் முன்பு எதை வைத்தார், எதை விட்டார் என்று அதில் தேடலாம். மகளுக்கு ஓவியம் அனுப்பும் ஆசை பின்னாளில் வந்தால், திறந்த கண்காட்சிக்கான விதிமுறைகளையும் அதே மேசையில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.