ஐதரில்லா நீர்ச்செடி எங்கே கிடைக்கும்?

வணக்கம் உறவுகளே. நான் கோண்டாவிலில் இருக்கிறேன். சாதாரண தரம் படிக்கும் மகளுக்குப் பழைய நுணுக்குக்காட்டி ஒன்று கிடைத்தது, 400 மடங்கு பெருக்கிக் காட்டும். பம்பாய் வெங்காயத்தின் உட்பக்கத் தோலை மெல்லிசாக உரித்து, ஒரு துளி அயடீன் விட்டுப் பார்த்தோம். செங்கல் அடுக்கினமாதிரிக் கலச்சுவர்கள், உள்ளே மண்ணிறப் பொட்டாய்க் கரு. பிள்ளை துள்ளிவிட்டாள்!

"பச்சையவுருமணி எங்கே அம்மா?" என்றாள். இலைக்குப் பச்சை நிறம் தரும் அந்த மணி, வெளிச்சம் படாத வெங்காயத்தில் இல்லையே. ஐதரில்லா இலை என்றால் வெட்டாமலே அப்படியே வைத்துப் பார்க்கலாம், பச்சை மணிகள் கலத்துக்குள் நகர்வதும் தெரியும். யாழ்ப்பாணப் பக்கம் எந்தக் குளத்தில் கிடைக்கும்?

அப்புறம், கன்னத்தின் உட்பக்கத்தில் எடுக்கும் கலத்துக்குச் சாயமிட மெதிலீன் நீலமும் தேவை. மீன்தொட்டிக் கடையில் விற்கும் நீல மருந்து சரிவருமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.