புஞ்சோங் கிண்ணத்தில் வெள்ளைக் குழம்பு உரிகிறது, உதவி வேண்டும்

தென் கொரியாவின் இச்சோனில் ஒரு பட்டறையில் மட்பாண்டம் பழகுகிறேன். ஐந்து வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். புஞ்சோங் (சாம்பல் நிறப் பாண்டத்தின் மேல் வெள்ளை மண் குழம்பு பூசும் கொரிய மட்பாண்ட வகை) கிண்ணங்களின் விளிம்பில் அந்த வெள்ளைக் குழம்பு உரிந்து விழுகிறது. காயும்போது ஒன்றும் தெரிவதில்லை. 900 டிகிரியில் முதல் சூடு முடித்துச் சூளையைத் திறந்தால், உதட்டு ஓரத்தில் முட்டை ஓடு போலத் தூக்கி நிற்கிறது. நகம் பட்டாலே பெயர்ந்து, அடியிலிருக்கும் மண் தெரிகிறது.

களிமண் கடையில் வாங்கிய இரும்புச் சத்துள்ள மண். குழம்பில் நூற்றுக்கு கயோலின் (வெள்ளைக் களிமண்) 60, பால் கிளே (ball clay, நன்றாக இழுபடும் களிமண்) 20, ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகும் கனிமம்) 10, குவார்ட்ஸ் (படிகக்கல் பொடி) 10. மின்சூளை. வைக்கோல் தூரிகையால் (க்வியால்) ஒரே சுற்றில் தடிமனாக இழுக்கிறேன். 15, 16ஆம் நூற்றாண்டுப் பாண்டங்களிலும் கொரிய மட்பாண்டக் கலைஞர் யுன் குவாங்-சோவின் இன்றைய வேலைகளிலும் இருக்கும் அந்த வேகமான கோடுதான் எனக்கு உயிர். மெல்லிசாகப் பூசினால் உரிவதில்லை, ஆனால் அந்தக் கோடு செத்துவிடுகிறது.

சீக்கிரமே, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போது பூசிப் பார்த்தேன். விளிம்பை உருட்டி மழுக்கினேன். பிளாஸ்டிக் மூடி நான்கு நாள் காய வைத்தேன். பலனில்லை. அப்புறம் 10 செ.மீ. பட்டைகள் செய்து அளந்தேன்: காய்ந்தபின் மண் 9.3, குழம்பு 9.5. மண் அளவுக்குக் குழம்பு சுருங்கவில்லை என்று பால் கிளேயை 30 ஆக்கினேன். உரிவது குறைந்தது, ஆனால் தடிமனான இடங்களில் மயிரிழை வெடிப்பு வந்துவிட்டது.

தடிமனான கோடும் நிற்க வேண்டும், விளிம்பும் உரியக் கூடாது என்றால், இந்தக் குழம்பில் எதைக் கூட்டி எதைக் குறைக்க வேண்டும்?