நிஜம் மாதிரியே இருக்கிற கால்பந்து கேம்ல அப்படி என்னதான் இருக்கு?

வலதுவிங் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. டிவியில கால்பந்து பார்த்தே வளர்ந்தவன் நான். கன்சோல் வீட்டுக்கு வந்தது இப்பத்தான், கூடவே எஃப்சி 26ம் வந்தது. பார்க்க அசல் மேட்ச்தான், மறுக்கல. ஜெர்ஸி மடிப்பு, புல்லுல சறுக்கின தடம், கூட்டத்தோட பாட்டு எல்லாம் இருக்கு. விளையாட உட்கார்ந்தா மட்டும் பொறுமை போயிடுது.

ஸ்டிக்கை இடதுபக்கம் தள்ளினா ஆள் உடனே திரும்பறதில்ல. ரெண்டு எட்டு எடுத்து வச்ச பிறகுதான் திரும்பறான், அதுக்குள்ள பந்து போச்சு. வேகமா ஓடிக்கிட்டே ஷாட் அடிச்சா கேலரிக்குப் போகுது. பாஸ் மேல பாஸ் போட்டு கோல்கிட்ட போனா அங்க நாலு பேர் வழியை அடைச்சு நிக்கிறாங்க. கம்ப்யூட்டரோட ஆடின கடைசி மேட்ச் 0-0.

என் மச்சான்கிட்ட பழைய ஆர்கேட் டைப் கேம் ஒண்ணு இருக்கு. பந்து தீப்பிடிச்சுப் பறக்கும், கீப்பரும் சேர்ந்து வலைக்குள்ள போவான், அஞ்சு நிமிஷத்துல எட்டு கோல். சிரிச்சுக்கிட்டே ஆடலாம். நிஜம் மாதிரிதான் வேணும்னா நிஜ மேட்சையே பார்த்துட்டுப் போறேனே, அதை எதுக்குக் கஷ்டப்பட்டு நானே ஆடணும்? வருஷக்கணக்கா இதுல ஊறிப்போனவங்க இங்க இருக்கீங்க. யாராவது புரிய வைங்க. கிண்டலுக்குக் கேக்கல.

கோல்மழை:

ப்ரோ, நீங்க கெரியர் மோட்ல (ஒரு டீமை எடுத்து சீசன் சீசனா நடத்துறது) ஆடுறீங்கன்னு நினைக்கிறேன். 26ல 'ஆத்தென்டிக்', 'காம்பெடிட்டிவ்'னு ஆட்டத்தையே ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. ஆத்தென்டிக்ல எல்லாமே நிதானம். காம்பெடிட்டிவுக்கு மாத்துங்க, லெவலை ஒரு படி இறக்குங்க, கோல் கொட்டும். முடிஞ்சது மேட்டர்.

ஸ்டாப்பர்பேக்:

தம்பி, கோல்மழை சொன்னபடி செஞ்சா கோல் வரும்தான். ஆனா நீங்க கேட்டது கோலுக்கு வழி இல்லையே.

நான் மைதானத்துல ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபென்டர், ஆடினவன். அதனால இந்த கேம்களையும் பின்னாலிருந்துதான் பார்க்கிறேன். உங்க புகார்களைப் படிச்சேன். ஆள் லேட்டாத் திரும்பறான், ஓடிக்கிட்டே அடிச்சா தப்புது, நாலு பேர் அடைச்சு நிக்கிறாங்க. இந்த மூணுக்காகத்தான் நான் இதை ஆடறேன். உங்க ஆள் லேட்டாத் திரும்பறான்னா எதிராளியும் லேட்டாத்தானே திரும்புவான்? அந்த இடைவெளியிலதான் என் பொழப்பே ஓடுது.

முதல்ல பந்தைப் பத்திச் சொல்லணும். பழைய கேம்கள் பலதுல பந்து ஓடறவன் காலோட ஒட்டிக்கிட்டே வரும். 1989ல வந்த கிக் ஆஃப், பந்தை ஒட்டாம விட்டதுக்காகவே பேர் வாங்குச்சு. சட்டுனு திரும்பினா நீங்க ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். 1993ல முதல் ஃபிஃபா (இப்போ எஃப்சின்னு பேர் மாறின உங்க கேமோட வரிசைதான்) வந்தப்போ அந்தச் சாய்வான கேமராவைத்தான் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தாங்க. ஆனா அதுல எதிர் கீப்பர் பந்தை உதைக்கிற நேரம் பார்த்து முன்னால போய் நின்னுட்டாப் போதும், பந்து உங்க ஆள் மேல பட்டு கோலுக்குள்ள போயிடும். படம் நிஜம், பந்து பொய். 2009ல ஃபிஃபா 10 வர்ற வரைக்கும் அந்த வரிசையில ஸ்டிக்கை எப்படிச் சுத்தினாலும் ஆள் எட்டுத் திசையிலதான் ஓடுவான். அதுல இருந்துதான் 360 டிகிரியும் திறந்துச்சு.

எனக்கு இது நிஜமா ஒட்டிக்கிட்டது 2011ல, ஃபிஃபா 12ல. அதுவரைக்கும் டிஃபென்ஸ்னா எக்ஸ் பட்டனை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஏவி விட்ட வேட்டை நாய் மாதிரி உங்க ஆள் தானா ஓடிப் போய்ப் பந்தைப் பிடுங்கிட்டு வருவான். 12ல 'டாக்டிக்கல் டிஃபென்டிங்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. எக்ஸைப் பிடிச்சா ஆள் எதிராளிக்கு முன்னால தூரம் விடாம நிப்பான், அதுக்கு மேல செய்ய மாட்டான். காலை எப்போ நீட்டணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நேரம் தப்பினா அவன் உங்களைத் தாண்டிப் போயிட்டே இருப்பான்.

ஒரு காட்சி சொல்றேன். இடதுகால் விங்கர் ஒருத்தன் வலது ஓரத்துல பந்தோட வர்றான். உள்ள வெட்டி இடதுகாலால அடிக்கணும்னு அவனுக்கு ஆசை. நான் எல்2 பட்டனைப் பிடிச்சு, உள்பக்கத்தை மூடி, வெளிப்பக்கத்தைத் திறந்து விட்டு நிக்கிறேன். அந்தப் பக்கம் போனா போகட்டும், வலதுகால் அவனுக்கு அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்தான். ஒரு தடவை உள்ள வர்ற மாதிரி போக்கு காட்டறான். நான் நகரல. மறுபடியும் முயற்சி பண்றப்போ பந்தைக் கொஞ்சம் தள்ளித் தட்டிடறான், ஒரு முழம் இருக்கும். வட்டப் பட்டனை அப்போ அழுத்தணும், முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. பந்து என்கிட்ட வந்துடுது. கோல் கிடையாது, ரீப்ளே கிடையாது, வர்ணனைக்காரர் என் ஆள் பேரைச் சொன்னாலே பெரிசு. மைதானத்துல நான் செஞ்ச வேலையும் இதேதான், அங்கயும் இதுக்கெல்லாம் யாரும் கை தட்டினதில்ல.

மச்சானோட கேம்ல இது நடக்காது. அங்க யாருக்கும் உடம்புல எடை கிடையாது. எடை இல்லாதவனுக்கு எந்தக் கால்ல நிக்கிறான்ங்கறதும் ஒரு கணக்கே இல்ல.

அப்புறம் அந்த நாலு பேர். நீங்க ஒரு நேரத்துல ஓட்டறது ஒருத்தனைத்தான். மத்த பத்துப் பேரையும், கீப்பரையும் சேர்த்து, கேம்தான் ஓட்டுது. அப்போ கேம் நல்லதா கெட்டதான்னு அந்தப் பத்துப் பேரை வச்சுத்தானே சொல்லணும்? மோஷன் கேப்சர்னா ரொம்ப காலம் ஸ்டுடியோவுல ஒண்ணு ரெண்டு பேரை ஓட விட்டுப் பதிவு பண்றதுதான். ஃபிஃபா 22க்காக 22 ஆட்டக்காரங்களுக்கு சென்சார் உடை மாட்டி முழு மேட்சே ஆட விட்டாங்க. முகம் யார் சாயல்ல இருக்குன்னு பார்க்கிறதை நிறுத்திட்டு, பந்து இடது ஓரத்துல இருக்கும்போது வலது ஃபுல்பேக் உள்ள நகர்ந்து வர்றானான்னு பாருங்க. வந்தான்னா அது கால்பந்து தெரிஞ்சவங்க செஞ்ச கேம்.

0-0க்கு வர்றேன். 2022 உலகக் கோப்பையில 64 மேட்ச்ல 172 கோல். மேட்சுக்கு மூணுகூட வரல. நீங்க பாதிக்கு 6 நிமிஷம் வச்சு ஆடினா மொத்தமே 12 நிமிஷம். நிஜத்தை அப்படியே கொடுத்தா அந்த 12 நிமிஷம் ஒண்ணு ரெண்டு கார்னரோட முடிஞ்சுடும். ஒரு முழு மேட்சோட கோலை அதுக்குள்ள அடைக்கிறதுக்காக கேம் ஏற்கெனவே எக்கச்சக்கமாப் பொய் சொல்லுது. அதுலயும் உங்களுக்குக் கோல் விழலன்னா கம்ப்யூட்டரோட டிஃபென்ஸைப் பாராட்டிட்டுப் போங்க. பாதிக்கு 10 நிமிஷம் வச்சுப் பாருங்க, அவசரம் தானாக் குறையும்.

நிஜ மேட்சையே பார்த்துக்கறேனேன்னு சொன்னீங்க. டிவியில ஒருத்தன் கோலைப் பார்த்து அடிக்காம பின்னால பாஸ் போட்டா சோபாவுல இருந்து கத்துவீங்க இல்லையா? இங்க அவன் நின்ன இடத்துல உங்களை நிறுத்தறாங்க. எடை வலதுகால்ல, பந்து இடதுகால்கிட்ட, முதுகுல ஒருத்தன். அடிங்க பார்ப்போம்.

(அட்டை வாங்கிச் சேர்க்கிற அல்டிமேட் டீம் பக்கம் நான் போறதில்ல. அங்க ஆடறவங்க ருசியே வேற. பெல்ஜியத்துல சூதாட்ட ஆணையம் 2018ல, உள்ள என்ன வரும்னு தெரியாம காசு கொடுத்து வாங்கற அந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம்னு சொல்லி, 2019 ஜனவரியில அங்க அதை வாங்கறதுக்கான ஃபிஃபா பாயின்ட்ஸ் விற்பனையே நின்னுச்சு. அதுக்குத் தனி இழை போடுங்க, இங்க வேண்டாம்.)

பழைய கார்ட்ரிட்ஜ்:

ஸ்டாப்பர்பேக் ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஒன்றில் மட்டும் உடன்பாடில்லை. நீங்கள் நிஜம் என்பது மைதானத்து நிஜமே அல்ல, தொலைக்காட்சி நிஜம். எந்த ஆட்டக்காரனும் பக்கவாட்டில் உயரத்திலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டு ஓடுவதில்லை. திரையின் அடியில் ரேடார் வைத்து 22 பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் அவனுக்குக் காட்டுவதில்லை. ஸ்கோர் பலகை, ரீப்ளே, வர்ணனை எல்லாம் ஒளிபரப்பின் உடைமைகள். இந்த வரிசை கேம்கள் கால்பந்தைப் பார்த்துச் செய்யப்பட்டவையா, கால்பந்து ஒளிபரப்பைப் பார்த்துச் செய்யப்பட்டவையா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

1992இல் வந்த சென்சிபிள் சாக்கரில் ஆட்கள் எறும்பளவு. ஜாய்ஸ்டிக்கில் ஒரே பட்டன். உதைத்த பிறகும் பந்தை வளைக்கலாம், அது இயற்பியலுக்கே அடுக்காது. ஆனாலும் இடம் தேடுவது, காலி இடத்துக்குப் பந்தை அனுப்புவது, ஆளை ஏமாற்றுவது எல்லாம் அதில் இருந்தன. வியர்வைத் துளிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை இதற்குச் செலவிடட்டும் என்பேன். வலதுவிங் சலித்துப் போனதில் எனக்கு வியப்பில்லை.

மாஸ்டர் லீக் பைத்தியம்:

ரெண்டு பெரியவங்களுக்கும் நடுவுல நான். பெஸ், அதாவது ஃபிஃபாவுக்குப் போட்டியா இருந்த ப்ரோ எவல்யூஷன் சாக்கர், காலத்து ஆள். நிஜப் பேரைப் போட லைசன்ஸ் இல்லாததால அதுல லிவர்பூல்னு இருக்காது, 'மெர்ஸிசைடு ரெட்'னு இருக்கும். அதோட மாஸ்டர் லீக்ல, ஒரு கிளப்பை நாமளே நடத்துற மோட்ல, ஆரம்பிச்சா கையில கொடுக்கிற ஆட்கள் கஸ்டோலோ, மினாண்டா, கோலுக்கு இவரோவ். உலகத்துல இல்லாத ஆளுங்க! ஆனா அந்த கஸ்டோலோ சீசன் கடைசி மேட்ச்ல தலையால முட்டிப் போட்ட கோல் இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதே வருஷம் டிவியில பார்த்த எத்தனையோ கோல் மறந்து போச்சு.

பேர் பொய்யா இருந்தாலும் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி ஓடினான், அதுதான் விஷயம். பெஸ் 6ல பிரேசில் ஸ்ட்ரைக்கர் அட்ரியானோகிட்ட இடதுகாலுக்குப் பந்து போச்சுன்னா எதிர்ல இருக்கிறவன் கன்ட்ரோலரை மடியில வச்சுடலாம். கண்ணை மூடிட்டு ஆடினாலும் இது அட்ரியானோன்னு கை சொல்லும். அந்த வேறுபாடு இருக்கிற வரைக்கும் கேமராவை எங்க வச்சா என்ன? வலதுவிங், ஒரு டீமை எடுத்து ஒரு சீசன் மாத்தாம ஆடுங்க. மேட்சுக்கு ஒரு டீம் மாத்தினா எல்லாருமே ஒரே பொம்மை மாதிரிதான் தெரிவாங்க.

வலதுவிங்:

எல்லாருக்கும் நன்றி. ஆத்தென்டிக்லயே இருந்து பாதிக்கு 10 நிமிஷம் வச்சு ஆடிப் பார்த்தேன் அண்ணே. ஒரே டீம், நடுத்தர டீம்தான். கோல் இன்னும் குறைச்சல்தான். ஆனா ஒண்ணு கவனிச்சேன், முன்னால நான் பந்து போன உடனே ஆர்1ஐ அழுத்திக்கிட்டு எல்லாரையும் துரத்த விட்டிருக்கேன். அதனால என் சென்டர்பேக் இருந்த இடம்தான் காலியாகி, அங்கேயே கோல் வாங்கியிருக்கேன். இப்போ சும்மா நின்னா எதிராளியே பந்தைப் பின்னால திருப்பிடறான்! அதுல ஒரு அற்ப சந்தோஷம் வருது, உண்மைதான்.

ஆனா 70 நிமிஷத்துக்கு மேல என் லெஃப்ட்பேக் ஓடவே மாட்டேங்கறான். அப்புறம் கார்ட்ரிட்ஜ் சார் சொன்ன ரேடார் விஷயம் மண்டைக்குள்ள உட்கார்ந்துடுச்சு. அதை அணைச்சுட்டு ஆடலாமா?

ஸ்டாப்பர்பேக்:

அணைக்கலாம், செட்டிங்ஸ்ல இருக்கு. நான் அணைச்சுத்தான் ஆடறேன். கார்ட்ரிட்ஜ் சொன்னதுல பாதியை ஒத்துக்கறேன், கேமரா டிவியோடதுதான். முதுகுக்குப் பின்னால கேமரா வச்சு ஒரே ஆளை மட்டும் ஓட்டற மோடும் இருக்கு. நானும் ஆசையா ஆடிப் பார்த்தேன், பந்து வர்ற வரைக்கும் காத்திருந்தே மேட்ச் முடிஞ்சுடும். அது மைதானத்துக்கு ரொம்பப் பக்கம். அவ்வளவு பக்கம் எனக்கு வேண்டாம், அதை உடம்பாலயே அனுபவிச்சாச்சு. எடையும் களைப்பும் மைதானத்துல இருந்து வரட்டும், பார்வை மட்டும் டிவியில இருந்து வரட்டும். இந்தக் கலப்படம் எனக்குச் சரிப்படுது.

லெஃப்ட்பேக்: அவனோட ஸ்டாமினா எண்ணைப் பாருங்க. குறைவா இருந்தா முதல் பாதியில அவனை மேல ஏற விடாதீங்க, 60 நிமிஷத்துல மாத்துங்க. களைச்சவனை வச்சுக்கிட்டு கம்ப்யூட்டரைத் திட்டக் கூடாது.

வலதுவிங்:

சரி அண்ணே. ராத்திரி மச்சானை உட்கார வச்சு ஆடினோம். அவன் ஆர்கேட் பழக்கத்துல எல்லா பந்துக்கும் சறுக்கி விழுந்து, சிவப்பு அட்டை வாங்கி 10 பேராயிட்டான். அப்படியும் 1-1. நான் தனியா கோலைப் பார்த்து ஓடும்போதெல்லாம் முக்கோணப் பட்டனை அழுத்திப் பிடிச்சு கீப்பரை வெளிய ஓட விடறான். பாவி, எல்லாத்தையும் தடுத்துட்டான். இதுக்கு என்ன பண்றது?

ஸ்டாப்பர்பேக்:

எல்1ஐயும் வட்டத்தையும் சேர்த்து அழுத்துங்க. பந்து அவன் தலைக்கு மேல போகும். லேசா அழுத்தணும்.

கோல்மழை:

இதைத்தான் ப்ரோ நான் முதல்லயே கேட்டேன், கோல் வேணுமா வேணாமா 😄