பெரிய படகை டிரெய்லரில் இழுத்துச் செல்ல லைசென்ஸ், பர்மிட்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். டெக்சாஸிலிருந்து ஃபுளோரிடாவுக்கு எங்கள் சொந்தப் படகை பிக்கப் டிரக்கில் இழுத்துச் செல்லப் போகிறோம். நீளம் 30 அடி. அது பிரச்சினை இல்லை, அகலம்தான் தலைவலி. டிரெய்லர் சக்கரங்களுக்கு வெளியே இரண்டு பக்கமும் படகின் ரப்பர் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அதையும் சேர்த்து அளந்தால் சரியாக 10 அடி. சாலையில் பர்மிட் (அகலம் கூடிய சுமைக்கான சிறப்பு அனுமதி) இல்லாமல் போக பொதுவாக எட்டரை அடிதான் வரம்பு. அதனால் வழியில் வரும் லூசியானா, மிசிசிப்பி, அலபாமா எல்லாவற்றிலும் தனித்தனியாக பர்மிட் தேவையா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் நீங்களே ஆன்லைனில் விண்ணப்பித்தீர்களா, ஏஜென்ட் மூலம் வாங்கினீர்களா? பர்மிட் தேதி தொடங்கிய பிறகு மழையால் பயணம் தள்ளிப்போனால் தேதியை மாற்றித் தருவார்களா? இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்றால் இரவில் எங்கே நிறுத்தினீர்கள்?

அப்புறம் லைசென்ஸ். டிரக், டிரெய்லர் இரண்டுக்கும் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அதிகபட்ச எடையைக் கூட்டினால் 26,001 பவுண்டைத் தாண்டுகிறது. டிரெய்லர் மட்டுமே 10,000 பவுண்டுக்கு மேல். சொந்த உபயோகம் என்பதால் வணிக லைசென்ஸ் வேண்டாம், ஆனால் டெக்சாஸில் வணிகமல்லாத கிளாஸ் ஏ லைசென்ஸ் (கனமான டிரெய்லர் இழுப்பதற்கானது) எடுக்க வேண்டும். ஓட்டுநர் தேர்வுக்குப் படகோடு போனீர்களா, காலி டிரெய்லரோடா? பத்தடி அகலத்தோடு தேர்வு மையத்துக்குப் போகவே பர்மிட் கேட்பார்கள் போலிருக்கிறது!

“யாரும் பிடிக்க மாட்டார்கள், சும்மா போங்கள்” என்ற யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் மாட்டிக்கொள்வோம்.